கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? மோட்டார் சைக்கிள் பழுதுக்கு யாரிடம் போவது

வாரண்டி முடியப்போகும் வண்டியை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இனிமேலும் கம்பெனி சர்வீஸுக்கே விட வேண்டுமா, அல்லது நல்ல வெளி மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக்கொள்ளலாமா? கேட்பவர்களில் சிலர் கம்பெனி பில்லைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள். சிலர் வெளியில் விட்டு ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள். இரு சாராரும் ஒரே சொல்லில் விடையை எதிர்பார்க்கிறார்கள். அப்படியொரு விடை என்னிடம் இல்லை. ஆனால் கேள்வியைச் சற்றே திருத்திக்கொண்டால் விடை எளிதாகிவிடுகிறது. “என் வண்டியை எங்கே விடுவது” என்று கேட்காமல், “இந்த வேலையை யாரிடம் கொடுப்பது” என்று கேட்க வேண்டும். ஒரே வண்டியின் ஒரு வேலை கம்பெனிக்குப் போவதிலும் அடுத்த வேலை வெளியே போவதிலும் எந்த முரண்பாடும் கிடையாது.

தயாரிப்பு நிறுவனத்தின் ஒப்புதலோடு டீலர் நடத்தும் சர்வீஸ் சென்டரைத்தான் இங்கே கம்பெனி சர்வீஸ் என்று குறிப்பிடுகிறேன். எந்த நிறுவனத்தையும் சாராமல் சொந்தமாகப் பட்டறை நடத்துபவர் வெளி மெக்கானிக். எல்லா வண்டிகளையும் பார்க்கும் ஒற்றை ஆள் பட்டறையும், ஏதேனும் ஒரு தயாரிப்பிலோ ஒரு வகை வேலையிலோ மட்டும் தேர்ந்த சிறப்புப் பட்டறையும் இந்தப் பெயருக்குள் அடங்கும். இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் சில வேலைகளில் மிக அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் பில் தொகை ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள். நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். அவற்றுள் முதலாவதற்கே அதிக எடை தருகிறேன்.

முதலாவது, பழுதைக் கண்டறியும் திறன். பழுதுபார்ப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன: எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று, கெட்டதைச் சரிசெய்வது இன்னொன்று. பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, செயின் தளர்ந்துவிட்டது என்பன போன்றவற்றில் முதல் வேலை கண்ணாலேயே முடிந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் திடீரென்று அணைகிறது, அல்லது சூடான பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்றால், பணமும் நாட்களும் அந்த முதல் வேலையில்தான் கரையும். கண்டறிந்தது தவறாகிவிட்டால், பாகத்தை எவ்வளவு நேர்த்தியாக மாற்றினாலும் பழுது அப்படியேதான் இருக்கும்.

இரண்டாவது, அந்த வேலைக்கு வேண்டிய தகவலும் கருவியும்: சர்வீஸ் மேனுவல், வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர், இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் புல்லர், குறித்த விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் முதலியவை. மூன்றாவது, உண்மையில் வண்டியைத் தொடப்போகும் கை யாருடையது என்பது. நான்காவது, உதிரிபாகத்தின் தரம். ஐந்தாவது, வேலை தவறிப்போனால் பொறுப்பேற்பவர் யார் என்பது.

செலவைத் தனி அளவுகோலாக வைக்காததற்குக் காரணம் உண்டு. அது இந்த ஐந்தின் விளைவாகவே வருகிறது. அதே வேலைக்கு இரண்டாம் முறை கொடுத்த காசையும் வண்டி நின்ற நாட்களையும் கூட்டிப் பார்க்காமல், எந்தப் பில்லையும் மலிவு என்றோ அதிகம் என்றோ சொல்ல முடியாது.

## கம்பெனி சர்வீஸ்

### வேறெங்கும் கிடைக்காதவை

தயாரிப்பில் நேர்ந்த குறைக்காக நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் வேலை கம்பெனி சர்வீஸில் மட்டுமே நடக்கும். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. வண்டியின் 17 இலக்கச் சேஸி எண்ணைக் கொடுத்தால் நிலுவையில் ஏதேனும் ரீகால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும். முந்தைய உரிமையாளருக்குப் போன கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்காது.

ரீகால் அளவுக்குப் பெரிதாகாத குறைகளுக்கு நிறுவனங்கள் தங்கள் டீலர்களுக்குத் தொழில்நுட்பச் சுற்றறிக்கைகள் அனுப்புகின்றன. குறிப்பிட்ட மாடலில் குறிப்பிட்ட வேகத்தில் ஓர் அதிர்வு வந்தால் எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு.வின் மென்பொருளை எந்தப் பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல வண்டிகளில் ஒரே மாதிரி தோன்றிய கோளாறு உங்கள் வண்டிக்கும் வந்திருந்தால், அதற்கான விடை ஏற்கெனவே எழுதப்பட்டு அவர்கள் கணினியில் இருக்கக்கூடும். எவ்வளவு திறமையான வெளி மெக்கானிக்காக இருந்தாலும் அந்த விடையை முதலிலிருந்து தேட வேண்டியவராகவே இருக்கிறார்.

தனக்குத் தெரிந்த சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் உள்ள வண்டியின் சாவி தொலைந்தால் புதிய சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்துவது, டிஸ்பிளேயை மாற்றினால் அதை மற்ற கருவிகளோடு பேசவைப்பது போன்றவையும் பெரும்பாலும் இங்கேதான் முடியும். யூரோ 5 விதிகள் 2020-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, அவற்றைப் பின்பற்றும் பல வண்டிகளில் ஆறு முனைகள் கொண்ட பொதுவான கனெக்டர் வந்திருக்கிறது. அதனால் பிழைக் குறியீடுகளைப் படிப்பது வெளியிலும் எளிதாகியுள்ளது. படிப்பது வேறு, உள்ளே போய் மாற்றி எழுதுவது வேறு. இரண்டாவதற்கான திறவுகோலைப் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் கையில்தான் வைத்திருக்கின்றன.

இதை நான் பிரேக்கில் கற்றுக்கொண்டேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள என் வண்டியின் முன்பக்க பிரேக் ஹோஸை வெளியில் மாற்றினேன். மாற்றியவர் நேர்மையானவர், பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடிங்கும் பொறுமையாகவே செய்தார். ஆனாலும் லீவர் பஞ்சுபோல அமுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று முறை மறுபடியும் பிளீடிங் செய்தும் மாறவில்லை. காற்று சிக்கியிருந்த இடம் ஹோஸ் அல்ல, பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.எஸ். மாடுலேட்டரின் உள்ளறை. ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்து அதன் பம்பை இயக்கினால்தான் அந்தக் காற்று வெளியே வரும். கம்பெனி சர்வீஸில் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக் கொடுத்தார்கள். இதில் மெக்கானிக்கின் திறமையில் குறையில்லை. அந்த வேலை கேட்ட கருவி அவரிடம் இல்லை, அவ்வளவுதான். இல்லை என்று முதலிலேயே கேட்டறியாதது என் பிழை.

### வாரண்டி என்ற கட்டு

வாரண்டிக் காலத்தில் வெளியே ஆயில் மாற்றினால்கூட வாரண்டி போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். சில இடங்களில் அது உண்மை, சில இடங்களில் வெறும் அச்சம். அந்தந்த நாட்டுச் சட்டமும் உங்கள் வாரண்டிப் புத்தகத்தின் சொற்களுமே இதைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி செல்லும் என்று பொதுவாக நிபந்தனை போட முடியாது. மற்றவர்களின் பாகங்களைப் பயன்படுத்தினால் வாரண்டி பறிபோகும் என்ற வகையில் எழுதியிருந்ததற்காக, 2022-இல் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் மீதே நடவடிக்கை எடுத்தது. இத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் புத்தகத்தில் எழுதியிருப்பதே வேதம்.

என் பரிந்துரை இதில் தயக்கமற்றது: வாரண்டி இருக்கும்வரை, புத்தகத்தில் அட்டவணையிட்ட சர்வீஸ்களைக் கம்பெனியிலேயே, குறித்த கிலோமீட்டருக்குள் செய்துவிடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், கெட்டுப்போன எஞ்சினை வைத்துக்கொண்டு வாதாடும் நாட்கள் மிக நீளமானவை. பிற்பாடு வண்டியை விற்கும்போதும் முத்திரையிட்ட சர்வீஸ் பதிவு பேசும்.

### பில்லில் தெரியாத செலவுகள்

கம்பெனி சர்வீஸில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று நிறுவனமே வரையறுத்து வைத்திருக்கிறது. பல இடங்களில் வேலை உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தாலும் அந்த நேரத்துக்கே கூலி போடுவார்கள். இது வாடிக்கையாளருக்கு ஒரு பாதுகாப்புதான். ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது. கிளட்ச் மாற்றுவதற்கு நேரம் குறிக்கலாம். “எப்போதாவது ஒருமுறை அணைந்துபோகிறது” என்ற புகாரின் காரணத்தைத் தேடுவதற்கு எத்தனை மணி என்று யாராலும் குறிக்க முடியாது. ஆகவே குறிக்க முடியாத தேடலைச் சுருக்கி, குறிக்க முடிந்த பாக மாற்றத்துக்குப் போய்விடும் போக்கு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. மணிக்கணக்கு அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

இரண்டாவது செலவு, உங்களுக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் நிற்கும் சர்வீஸ் அட்வைசர். நீங்கள் சொன்ன பத்து வாக்கியங்கள் ஜாப் கார்டில் இரண்டு சொல்லாகச் சுருங்கிவிடும். “மூன்றாவது கியரில், ஏற்றத்தில், எஞ்சின் சூடான பிறகு மட்டும் கொர்ரென்று ஒரு சத்தம்” என்று நீங்கள் சொன்னது “எஞ்சின் சத்தம்” என்று பதிவாகும். கண்டறிவதற்குத் தேவையான சேதி முழுவதும் அந்த விடுபட்ட சொற்களில்தான் இருந்தது.

மூன்றாவதாக, சர்வீஸோடு ஒட்டிக்கொண்டு வரும் எஞ்சின் ஃபிளஷ், பாலிஷ், எரிபொருள் சேர்மானங்கள் போன்றவை. வண்டியின் சர்வீஸ் அட்டவணையில் இல்லாத எதையும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் வாரண்டிக்கு எந்தப் பங்கமும் வராது.

நான்காவது, வண்டியின் வயது. புதிய மாடல்களுக்காகப் பயிற்சி பெற்ற இளம் மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரைத் தன் கையால் ஒருமுறைகூடப் பிரித்திருக்காமல் இருக்கலாம். நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியை வாக்யூம் கேஜ் வைத்துச் சமன்செய்வது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பழைய வண்டியைக் கம்பெனிக்கு விடும் முன், அதைப் பிரித்துப் பழகியவர் அங்கே யாராவது இருக்கிறாரா என்று நேராகவே கேட்டுவிடுவது நல்லது.

## வெளி மெக்கானிக்

### ஒரே கை, ஒரே நினைவு

வெளி மெக்கானிக்கின் பெரிய பலம், நீங்கள் பேசுகிறவரும் வண்டியைப் பிரிக்கிறவரும் ஒருவரே என்பது. அவர் வண்டியை ஓட்டிப் பார்ப்பார், பின்னால் உட்கார்ந்து வரச் சொல்வார், “இந்தச் சத்தமா?” என்று கேட்பார். சென்ற ஆண்டு செயின் பக்கத்தில் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு நினைவிருக்கும். விட்டுவிட்டு வரும் மின்சாரக் கோளாறுகளில் இந்த நினைவுக்கும் பொறுமைக்கும் ஈடாக எந்த ஸ்கேனரையும் நான் கண்டதில்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் வண்டியில் பேட்டரி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கிக்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டர் ஒன்றில் பேட்டரியை மாற்றினார்கள். அதுவும் இறங்கியது. பிறகு சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினார்கள். அதன் பிறகும் இறங்கியது. அடுத்து எஞ்சினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலை மாற்றலாம் என்றபோது வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அங்கிருந்தவர் மல்ட்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் 5,000 சுற்றில் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும், எங்களுக்கு 12.9 தான் இருந்தது. ஆனால் ரெகுலேட்டரின் வாயிலிலேயே அளந்தபோது 14.2 இருந்தது. இரண்டுக்கும் நடுவில் 1.3 வோல்ட் எங்கோ வழியில் தொலைகிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போனதில், பெட்ரோல் டேங்குக்குக் கீழே ஒரு கனெக்டர் சூட்டில் பழுப்பேறி உருகியிருந்தது. அதை வெட்டி எறிந்து புதியது போட்டதோடு பழுது தீர்ந்தது. அதற்கு முன் மாற்றிய இரண்டு பாகங்களும் கெடாதவை.

பிழைக் குறியீடு “வோல்டேஜ் குறைவு” என்று மட்டும்தான் சொன்னது. ஏன் குறைவு என்று அது சொல்லாது. அளந்துகொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஆள் தேவைப்பட்டார்.

இன்னொரு பலம், பாகத்தை மாற்றாமல் பழுதை மட்டும் நீக்கும் பழக்கம். ஸ்டேட்டரைத் திரும்பச் சுற்றலாம். அறுந்த மரையில் ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருளைப் போட்டு மீட்கலாம். ஃபோர்க்கில் ஆயில் சீலை மட்டும் மாற்றலாம். உற்பத்தி நின்றுபோன, பாகம் கிடைக்காத வண்டிகளுக்கு இதைத் தவிர வேறு வழியே கிடையாது. சிலிண்டர் போர் செய்வது, கிராங்க்கைச் சரிசெய்வது போன்ற லேத் வேலைகளைப் பல டீலர்களும் வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

### இங்கேயும் மறைந்திருக்கும் செலவுகள்

கூலி குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், சில பட்டறைகளில் வேண்டிய கருவிகள் இல்லாதது. அலுமினிய எஞ்சினின் ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை அறுந்துவிடும். அது அன்றைக்கே தெரியாது, அடுத்த ஆயில் மாற்றத்தின்போது வேறொருவர் கையில் கழன்று வரும்.

ஆயிலிலும் இதே கதைதான். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கிறது. அதற்கு ஜாசோ என்னும் ஜப்பானியத் தர அமைப்பின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தரம் குறித்த ஆயில் வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். பிறகு கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன என்று அவற்றை மாற்றுவோம்.

அடுத்தது பொறுப்பு. பில் இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை, ஒரு மாதத்தில் அதே பழுது வந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் தங்கள் பெயருக்காக மறுபேச்சின்றிச் செய்துகொடுப்பார்கள். ஆனால் அவர் உடல்நலம் குன்றிவிட்டாலோ பட்டறையை மூடிவிட்டாலோ, உங்கள் வண்டியின் வரலாறும் அவரோடு போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லாத மெக்கானிக். பிரித்துப் போட்டு வாரக்கணக்காகக் கிடக்கும் எஞ்சினை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போனால், அதை ஏற்க எவரும் எளிதில் முன்வருவதில்லை. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் என்ற சிறு தகடுகளில் எது எந்த வால்வுடையது என்று தெரியாத நிலையில், புதிதாகப் பிரிப்பதைவிட அது இருமடங்கு வேலை. அந்த இரண்டாம் செலவைச் சேர்த்தால் கம்பெனி பில் மலிவாகத் தோன்றும்.

## வால்வு கிளியரன்ஸ் என்னும் எடுத்துக்காட்டு

ஒரே பெயருடைய வேலைகூட வண்டிக்கு வண்டி வேறு விடை தரும் என்பதை, வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்டில் தெளிவாகக் காணலாம். ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள எளிய எஞ்சினில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்து ஸ்க்ரூவைத் திருகினால் வேலை முடிந்தது. பழகிய கை அரை மணி நேரத்தில் செய்துவிடும். இதற்காகக் கம்பெனியில் நாள் குறித்துக் காத்திருக்கத் தேவையில்லை.

வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் பக்கெட் என்ற மூடிக்கு அடியில் ஷிம் வைத்த எஞ்சினில் அளப்பது வரை அதே வேலைதான். இடைவெளி மாறியிருந்தால் கேம் ஷாஃப்ட்டையே கழற்றி, ஷிம்மை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியான தடிமனுள்ள வேறொன்றைப் போட்டு, டைமிங் செயினைத் திரும்பச் சரியான குறியில் கட்ட வேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ள நேரிடலாம். இங்கே மேனுவலும், பல தடிமன்களில் ஷிம் கையிருப்பும் உள்ள இடம் வேண்டும்: கம்பெனியோ, அந்த வகை எஞ்சின்களையே நாள்தோறும் பார்க்கும் சிறப்புப் பட்டறையோ.

டுகாட்டியின் டெஸ்மோ எஞ்சின்களில் வால்வை மூடுவதற்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகத் தனி ராக்கர் இருக்கிறது. ஆகவே திறப்பதற்கும் மூடுவதற்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். அதைப் பழகாதவர் தொடவே கூடாது என்பது என் கருத்து. அதே நிறுவனம் 2021 மல்டிஸ்ட்ராடா வி4 மாடலில் சாதாரண ஸ்பிரிங் வால்வுகளுக்கு மாறி, சோதனை இடைவெளியை 60,000 கிலோமீட்டராக்கியது. ஆக, நிறுவனத்தின் பெயரை வைத்தோ வண்டியின் விலையை வைத்தோ இந்த முடிவை எடுக்க முடியாது. உங்கள் எஞ்சினில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

## உதிரிபாகங்கள்

கம்பெனியில் போட்டால் ஒரிஜினல், வெளியில் போட்டால் டூப்ளிகேட் என்ற பிரிவு மிகவும் கரடுமுரடானது. வண்டித் தயாரிப்பாளர்கள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பிளக், பிரேக் காலிப்பர், பேரிங், செயின் ஆகியவற்றை அந்தந்தத் துறை நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்துகிறார்கள். சக்கர பேரிங்கின் மேல் 6203 என்று எண் இருந்தால், அது 17 மில்லிமீட்டர் உள்விட்டம், 40 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 12 மில்லிமீட்டர் அகலம் உள்ள பொது அளவு. அதே எண்ணில், சீல் வகையும் ஒத்துப்போகும்படி, பெயர்பெற்ற பேரிங் நிறுவனத்தின் பெட்டியில் வாங்குவது முற்றிலும் நியாயமான சிக்கனம். ஆயில் சீல்கள் பலவற்றிலும் அளவு அச்சிடப்பட்டிருக்கும்.

இந்தச் சிக்கனத்தை எல்லாப் பாகத்துக்கும் நீட்டக் கூடாது. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட், பிஸ்டன், கிளட்ச் பிளேட், பிரேக்கின் உள் சீல்கள் ஆகியவற்றில் நான் கம்பெனிப் பாகத்தையே கேட்பேன். பிளக் விஷயத்தில் தனி எச்சரிக்கை வேண்டும்: என்.ஜி.கே. போன்ற தயாரிப்பாளர்களே தங்கள் பெயரில் போலிகள் உலவுவதாக எச்சரித்திருக்கிறார்கள். நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்கி நீங்களே மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்ல வழி. ஆனால் நீங்கள் வாங்கிக் கொடுத்த பாகம் தோற்றால் அதற்கு அவர் பொறுப்பாக மாட்டார் என்பதை முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

## வேலைவாரியாக

| வேலை | எங்கே | ஏன் |
|---|---|---|
| ரீகால், வாரண்டிக்குள் வரும் எந்தப் பழுதும் | கம்பெனி | கட்டணமில்லை. பொறுப்பும் நிறுவனத்துடையது |
| இம்மொபிலைசர் சாவி, இ.சி.யு. மென்பொருள் | கம்பெனி | திறவுகோல் அவர்களிடமே |
| வாரண்டிக்குப் பின் ஆயில், ஃபில்டர், பிளக், செயின், கேபிள் | வெளி | கருவியைவிடக் கவனமே முக்கியம் |
| ஏ.பி.எஸ். உள்ள பிரேக்கில் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் | அந்த மாடலுக்கான ஸ்கேனர் உள்ள இடம் | மாடுலேட்டரில் காற்று தங்கலாம் |
| கார்புரேட்டர், பாயிண்ட் இக்னிஷன் | மூத்த வெளி மெக்கானிக் | பழகிய கை |
| விட்டுவிட்டு வரும் மின்சாரக் கோளாறு | முதலில் சுற்றறிக்கை உண்டா என்று கம்பெனியில் விசாரித்து, பிறகு வெளி | பொறுமையாக அளக்க வேண்டிய வேலை |
| ஷிம் வகை வால்வு, டெஸ்மோ | கம்பெனி அல்லது சிறப்புப் பட்டறை | மேனுவல், ஷிம் கையிருப்பு |
| போர், பிஸ்டன், கிராங்க் | எஞ்சின் வேலையில் பெயர்பெற்ற வெளிப் பட்டறை | லேத் வேலை எப்படியும் வெளியேதான் |
| விபத்துச் சேதம் | காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்ட பிறகே | முன் அனுமதியின்றிப் பிரித்தால் கோரிக்கை சிக்கலாகலாம் |

இந்த அட்டவணையில் நான் சற்றுத் தயங்கியே எழுதியது மின்சாரக் கோளாறு பற்றிய வரி. புதிய வண்டிகளில் சென்சார்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் தங்களுக்குள் ஒரே வயர் இணையில் தரவைப் பரிமாறிக்கொள்கின்றன. அங்கே மல்ட்டிமீட்டர் மட்டும் போதாமல் போகலாம். பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிக்கு இந்த வரியை ஐயமின்றிச் சொல்வேன்.

## வெளி மெக்கானிக்கைத் தேர்வதற்கு

எஞ்சின் வேலையோடு முதல் அறிமுகம் வேண்டாம். பிரேக் ஆயில் மாற்றுவதுபோன்ற ஒரு சிறிய வேலையைக் கொடுத்து, அருகில் நின்று பாருங்கள். டாட் 4 பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, ஈரம் சேர்ந்த நிலையில் 155 வரை இறங்கினாலும் அந்தத் தர அளவுக்குள்தான் வரும். ஆகவேதான் பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். புதிதாகத் திறந்த டப்பாவை அவர் பயன்படுத்துகிறாரா, மாதக்கணக்கில் திறந்து கிடந்ததையா? பெயிண்டின் மேல் சிந்தாமல் துணி விரிக்கிறாரா? இந்த இரண்டே போதும், அவருடைய மற்ற வேலைகளையும் ஊகிக்கலாம்.

ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் பலவற்றில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அவை சாதாரண ஃபிலிப்ஸ் ஸ்க்ரூக்கள் அல்ல, ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தர வகையைச் சேர்ந்தவை. தவறான ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் தலை வழுக்கிக் கிழியும். பட்டறையில் நிற்கும் மற்ற வண்டிகளின் கார்புரேட்டர் ஸ்க்ரூக்களையும் எஞ்சின் கவர் ஸ்க்ரூக்களையும் ஒருமுறை பார்வையிடுங்கள். கிழிந்த தலைகள் நிறைய இருந்தால் நான் வண்டியை விட மாட்டேன்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேளாமலே காட்டுபவர், டார்க் ரெஞ்ச்சைச் சுவரில் மாட்டாமல் கையில் எடுப்பவர், எல்லாவற்றுக்கும் மேலாக “இது என்னால் ஆகாது, கம்பெனிக்கே கொண்டுபோங்கள்” என்று ஒருமுறையாவது சொல்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கடைசியாகச் சொன்ன குணம் உள்ளவரிடம் நான் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வண்டி கொடுத்துவருகிறேன்.

## எங்கே விட்டாலும் எழுதிக் கொடுக்க வேண்டியது

ஜாப் கார்டில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லாதீர்கள். “பேட்டரி மாற்றவும்” என்று எழுதினால் பேட்டரியை மாற்றிவிடுவார்கள். பழுது உங்களோடு வீடு திரும்பும். “இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓர் இரவு நின்ற பிறகு செல்ஃப் எடுப்பதில்லை, தினமும் ஓட்டினால் சிக்கல் குறைகிறது” என்று அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். எப்போது, எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். சத்தம் என்றால் கைபேசியில் பதிவுசெய்து மெக்கானிக்கிடமே போட்டுக்காட்டக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸிலும் வற்புறுத்திக் கேட்டால் பெரும்பாலும் மெக்கானிக்கை வெளியே அழைப்பார்கள்.

வண்டியை எடுக்கும்போது அளவுகளை எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். “டேப்பெட் பார்த்தாச்சு” என்பது போதாது. ஒவ்வொரு வால்வுக்கும் இருந்த இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், விட்ட இடைவெளி எத்தனை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சார்ஜிங் வோல்டேஜ், பிரேக் பேடில் மீதமுள்ள கனம், எந்த ஆயில் எவ்வளவு ஊற்றப்பட்டது, எத்தனை கிலோமீட்டரில் என்பதெல்லாம் ஒரே நோட்டில் தேதியோடு இருக்கட்டும். கம்பெனியிலிருந்து வெளியே வந்தாலும், வெளியிலிருந்து கம்பெனிக்குப் போனாலும், அந்த நோட்டை முதலில் மேசையில் வையுங்கள். சென்ற முறை 0.15 மில்லிமீட்டர் இருந்த எக்ஸாஸ்ட் வால்வு இந்த முறை 0.10-க்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால், மெக்கானிக் வேலையைத் தொடங்கும் இடமே மாறிவிடும்.